அடுப்புக்குப் போன ஆள்மரம்

புயல் ஓய்ந்த காலையில் கால்வாய்த் தெருவில் தெருவைக் காணவில்லை. ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பச்சைதான். வீட்டு வாசல், கடைப் பலகை, கரண்டுக் கம்பம், நிறுத்திவைத்த ஆட்டோ, எல்லாவற்றின் மேலும் மரம் படுத்துக் கிடந்தது. மறுமுனையைத் தாண்டினால் ஆஸ்பத்திரி. இந்த முனையில் ஆம்புலன்ஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. உள்ளே படுத்திருந்தவர்களின் சொந்தக்காரர்கள் இறங்கி வந்து, ஒன்றும் பேசாமல், ரம்பம் பிடித்தவர்களின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாயால் கேட்டால் ஏதாவது பதில் சொல்லிவிடலாம். பார்வைக்கு என்ன சொல்வது? மர வாரியத்தின் ஒப்பந்த மேஸ்திரி கன்னியப்பன் அந்தப் பார்வையை முதுகில் வாங்கிக்கொண்டேதான் அன்றைக்கு வேலையைத் தொடங்கினார். அவருடைய ஆள் டில்லி, கையில் இருந்த சின்னப் பெட்டியை ஒவ்வொரு மரத்துக்கும் காட்டிக் காட்டித் தட்டிக்கொண்டிருந்தான்.

கிரேன் ஓட்டுவதற்குச் சேலத்திலிருந்து ஒருவரை வரவழைத்திருந்தார்கள். அவருக்குப் பொறுமை போய்விட்டது.

“ஏண்ணே, கொக்கிய மாட்டுனா தூக்கிப் போட்டுட்டுப் போயிரலாம். எதுக்கு மரத்துக்கு மரம் அந்தப் பொட்டியக் காட்டிட்டு இருக்கீங்க?”

டில்லி சிரித்தான். “ஒங்க ஊர்ல ஆள்மரம் இல்லியாண்ணே?”

“கேள்விப்பட்டிருக்கேன். பாத்ததில்ல.”

“பாத்துக்க. இப்போ நீ ஒருத்தர் மேல காலை வெச்சுகினு நிக்கிற போல.”

சேலத்துக்காரர் காலை எடுத்துக்கொண்டார்.

“அவன் கெடக்கறான். பயப்படாதபா,” என்றார் கன்னியப்பன். “அது சும்மா மரமாக்கூட இருக்கும். கடல் உள்ள வந்து இங்க இருந்த சுடுகாட்டையெல்லாம் முழுங்கிடுச்சு. பொதைக்க எடமில்ல. எரிக்கற எடத்துல வரிசை. அப்பத்தான் வாரியம் வந்துச்சு. செத்தவங்க எலும்புக்குள்ளேருந்து ஒரு சொட்டு எடுத்து, அவங்க உசுரோட குறிப்பு எதுவோ அதை மட்டும் பிரிச்சு, நாத்துக்குள்ள ஏத்திடுவாங்க. செடி வளர வளர அதுகூட அந்த ஆளும் வளர்றாங்க, ஒவ்வொரு எலையிலயும் கீறாங்கன்னு சொன்னாங்க.”

“ஜனங்க நம்புனாங்களா?”

“மொதல்ல ஒருத்தரும் நம்பல. அப்புறம் சட்டம் போட்டாங்க. ஆள்மரம் ஆளுக்குச் சமம். வெட்டுனா பொணத்தை வெட்டுன கேஸு. எரிச்சா பொணத்தை எரிச்ச கேஸு. சட்டம் வந்ததும் நம்பிட்டாங்க.”

சட்டம் வந்தபோது மரத்தை மட்டும் மாற்றவில்லை. மரம் அறுக்கிறவனையும் மாற்றியது. கன்னியப்பனின் அப்பா கடலோரச் சுடுகாட்டில் குழி வெட்டியவர். அந்த வேலையும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும் பார்வையும் வேண்டாமென்றுதான் மகன் ரம்பத்தைக் கையில் எடுத்தார். பங்களா வீடுகளில் தென்னை மட்டை வெட்டப் போனால் எவர்சில்வர் தம்ளரில் காபி கொடுத்தார்கள். ஆள்மரம் வந்த பிறகு, விழுந்த ஆள்மரத்தை வெள்ளைத்துணி சுற்றி மின்மயானத்துக்கு அனுப்பும் வேலையும் இவர்கள் தலையில் விழுந்தது. அன்றிலிருந்து காபி காகிதக் கோப்பைக்கு மாறியது. கொஞ்ச நாளில் கோப்பை வாசல் கேட்டுக்கு வெளியே வந்தது. அப்பா விட்ட இடத்துக்கே மகன் சுற்றி வந்து சேர்ந்திருந்தார், இடையில் ஒரு ரம்பம் வாங்கியதுதான் மிச்சம்.

இடுப்பில் தொங்கிய வாரியத்து வாக்கி டாக்கி கரகரத்தது.

“கால்வாய்த் தெரு, இன்னும் எவ்வளவு நேரம்?”

“ஐயா, டவர் இல்லாம பொட்டி பேச மாட்டேங்குது. பேரு எழுதி மரத்துல அடிச்சிருந்த நீல வில்லையெல்லாம் காத்துல பிச்சுகினு போச்சு. எது ஆளு, எது சும்மான்னு தெரியல.”

“ஆம்புலன்ஸ்ல படுத்திருக்கறவனும் ஆள்தானே மேஸ்திரி? வெட்டுங்க. நான் பாத்துக்கறேன்.”

நான் பாத்துக்கறேன் என்று சொன்ன அந்தக் குரலுக்குப் பெயர் இல்லை. கன்னியப்பன் பெயர் கேட்கவும் இல்லை. முதல் ஆம்புலன்ஸுக்குள் ஒரு பெண் பிரசவ வலியில் அலறிக்கொண்டிருந்தாள். அவர் ரம்பத்தின் கயிற்றை இழுத்தார்.

மரம் அறுக்கிறவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அடிமரம் வாரியத்துக்கு. தழை ஆட்டுக்கு. கைக்கனமான கிளைகள், மிலாறு என்பார்கள், அதை யாரும் விற்கக் கூடாது. பக்கத்தில் எந்த அடுப்பு எரியாமல் கிடக்கிறதோ அங்கே போட்டுவிட்டு வர வேண்டும். இது எந்தச் சட்டத்திலும் இல்லை. கன்னியப்பன் தொழிலுக்கு வந்த நாளில் அப்படித்தான் செய்துகொண்டிருந்தார்கள், அவரும் செய்தார்.

மத்தியானத்துக்குள் ஒரு வண்டி போகிற அளவுக்கு வழி பிறந்துவிட்டது. நிவாரண முகாமாக இருந்த பள்ளிக்கூடத்திலிருந்து சமையல்காரர் ஓடி வந்தார். காஸ் வரவில்லை, பள்ளிக்கூடம் நிறைய ஜனம், நேற்று ராத்திரியிலிருந்து பிஸ்கெட்தான், குழந்தைகள் அழுகின்றன என்றார். கன்னியப்பன் சுற்றிப் பார்த்தார். கிடந்ததில் ஒரு வேம்பில்தான் பாதிக் கிளை காய்ந்திருந்தது.

“டில்லி, அந்த வேம்புல காஞ்சதையெல்லாம் கழிச்சு வண்டில ஏத்து.”

“சும்மா மரம்தானே மேஸ்திரி?”

கன்னியப்பன் அடிமரத்தைச் சுற்றி வந்து பார்த்தார். வில்லை இல்லை. ஆணி அடித்த தழும்பும் தெரியவில்லை. மறுபக்கம் மண்ணுக்குள் அமுங்கிக் கிடந்தது. “சும்மாத்தான் இருக்கும்,” என்றார்.

காய்ந்தது போதாமல் அடிமரத்தையும் பிளந்து போட்டார்கள். தூர் தவிர அந்த வேம்பு முழுதும் எரிந்து அன்று அந்தப் பள்ளிக்கூடத்தில் சோறும் குழம்பும் ஆனது. டில்லியும் அவரும்கூட இலை போட்டு அங்கேயே சாப்பிட்டார்கள்.

டவர் உயிர் பெற்ற அன்று பெட்டியும் கண்ணைத் திறந்தது. பதிவேட்டின்படி கால்வாய்த் தெருவில் பதினோரு ஆள்மரம் என்று காட்டியது. பத்து மரங்கள் வாரியத்தின் கிடங்கில் துண்டுகளாக, முறைப்படி மயானத்துக்குப் போகக் காத்துக் கிடந்தன. பதினொன்றாவதின் தூர் மட்டும்தான் இருந்தது. பெயர் தாமோதரன். வேம்பு. உரியவர்: தாயார் சின்னப்பொண்ணு.

செய்தி முகாமுக்குப் போனது. சாப்பிட்டவர்களில் சிலர் வாந்தி எடுத்தார்கள். சிலர் தலை முழுகினார்கள். ஒருவர் அடுப்புச் சாம்பலைச் சுற்றிக் கயிறு கட்டினார், இன்னொருவர் அதற்கு ஊதுவத்தி ஏற்றினார். சாயங்காலத்துக்குள் டிவிக்காரர்கள் வந்துவிட்டார்கள். ஆள்மரக் குடும்பங்களின் சங்கத் தலைவர் பரந்தாமன், பிணத்தை எரித்துச் சோறாக்கிப் போட்டவர்களைச் சும்மா விட மாட்டோம் என்று மைக்கின் முன்னால் நின்று சொன்னார். பெயரில்லாத அந்தக் குரல், அப்படி ஒரு உத்தரவு போகவே இல்லை என்றது.

வழக்கில் இரண்டு பெயர்கள். வெட்டிக் கொடுத்த கன்னியப்பன். வண்டியில் ஏற்றிய டில்லி.

“ஏழு வருஷமாம் மேஸ்திரி,” என்றான் டில்லி. கிடங்கில் மரத்துண்டின் மேல் உட்கார்ந்திருந்தான். எப்போதும் ஏதாவது நக்கலடிக்கிற வாய். “எம்பொண்ணு இப்பத்தான் அப்பான்னு சொல்லக் கத்துகினு கீறா. நான் திரும்பி வரச்சொல்லோ இவரு யாரும்மான்னு கேப்பா.”

“அதெல்லாம் ஆகாது.”

“எப்படி ஆகாது? நீ வெட்டிக் குடுக்கலியா, நான் ஏத்தலியா? நாம துன்னதுக்கும் சேர்த்து சாட்சி கீது.”

கன்னியப்பன் பக்கத்துத் துண்டின் மேல் விலகியிருந்த வெள்ளைத்துணியை இழுத்துச் சரிசெய்தார்.

அந்தக் கிடங்கில்தான் வாரியத்தின் ஆய்வுக்கூடத்து டாக்டர் நஸ்ரீனும் இருந்தார். விழுந்த ஆள்மரங்களின் அடிமரத்தில் ஊசியால் துளை போட்டு, மயானத்துக்கு அனுப்புமுன் இன்னாருடையதுதான் என்று உறுதி செய்வது அவர் வேலை. டில்லி போன பிறகு அவர் கன்னியப்பனைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

“அண்ணே, ஒண்ணு சொல்றேன். நான் சொன்னதா வெளிய வரக் கூடாது.”

“சொல்லும்மா.”

“விசாரணையில சோதனை கேளுங்க. குற்றம் சாட்டப்பட்டவர் கேட்டா செஞ்சுதான் ஆகணும், சட்டத்துலயே இருக்கு. அந்த வேம்போட தூர் அங்கதான் கிடக்கு. அதுல ஆள் இல்லன்னு வந்துட்டா அது சும்மா மரம். கேஸே நிக்காது.”

“ஆள் இருந்தா?”

நஸ்ரீன் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டார். “இருக்காதுண்ணே. விழுந்ததையெல்லாம் நான்தானே பாக்கறேன். பத்துல ஒண்ணு ரெண்டுலதான் ஆள் இருக்காங்க. மத்ததெல்லாம் வெறும் மரம். ஏன்னு எனக்கே புரியல. ஏத்தினதை மரமே வெளிய தள்ளிடுச்சோ என்னவோ. மேலிடத்துல சொன்னேன். எழுதாதேன்னுட்டாங்க.”

“அப்போ ஜனங்களுக்கு?”

“நீங்க சோதனை கேட்டா எல்லாருக்கும் தெரிஞ்சுடும். எங்க வீட்டு மரத்தையும் பாருன்னு ஊரே வந்து நிக்கும். அதுக்காக நீங்க உள்ள போக முடியுமா?”

கன்னியப்பன் அடுக்கிக் கிடந்த துண்டுகளைப் பார்த்தார். ஒவ்வொன்றின் மேலும் வெள்ளைத்துணி, சாக்கட்டியால் எழுதிய பெயர். மெல்லக் கேட்டார்: “நின்னுகினு இருக்கற மரத்துலயும் அப்படித்தானா?”

நஸ்ரீனுக்குச் சற்றுக் கழித்துத்தான் உறைத்தது. “உங்களுக்கு யாராவது...”

“என் சம்சாரம். காசிமேட்டுல. பூவரசு.”

நஸ்ரீன் கையுறையைக் கழற்றினார். திரும்ப மாட்டிக்கொண்டார். “ஒரே ஒரு இலை கொண்டு வாங்கண்ணே. நான் பாத்துச் சொல்லிடறேன். யாருக்கும் தெரிய வேணாம்.”

காசிமேட்டுப் பூவரசு புயலில் ஒரு கிளையை மட்டும் கொடுத்துவிட்டு நின்றிருந்தது. மனைவி லோகநாயகி உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான். எதையாவது கொடுத்துவிட்டு நிற்பாள், கொடுத்ததைச் சொல்லிக் காட்டவும் செய்வாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கன்னியப்பன் இங்கே வந்து உட்காருவார். மீன் என்ன விலை விற்கிறது, பக்கத்து வீட்டுக்காரி என்ன சண்டை போட்டாள், முட்டிவலி எப்படி இருக்கிறது, எல்லாம் சொல்வார். காற்றில் இலை அசைந்தால் அது பதில். இரண்டாம் கல்யாணப் பேச்சு வந்த வாரம் இலை அசையவே இல்லை என்று அவர் ஒருமுறை சொல்லப்போய், டில்லி அதை வைத்து மாசக்கணக்கில் கிண்டல் செய்திருக்கிறான்.

அன்று அவர் ஒன்றும் சொல்லவில்லை. தாழ்ந்த கிளையில் ஒரு இலை கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. விரலால் காம்பைப் பிடித்தார். கிள்ளுவதற்கு ஒரு நொடிகூட வேண்டாம். மரம் அறுத்துக் காய்ப்புக் காய்த்த விரல்கள். எத்தனையோ மரங்களைச் சாய்த்தவை. காம்பை விட்டுவிட்டார்.

“நீ உள்ள கீறியாம்மே?” என்று கேட்கத்தான் வந்திருந்தார். கேட்டால், காற்று வந்தாலும் கஷ்டம், வராவிட்டாலும் கஷ்டம். எழுந்து நடந்தார்.

நடக்கும்போதே மனசு ஒரு பக்கமாய்ச் சாய்ந்துவிட்டது. தன் ஒருவன் தலை மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போய்விடலாம். டில்லியை ஏற்றச் சொன்னது அவர். லோகா மரத்தில் இருக்கிறாளா இல்லையா என்கிற தன் பயத்துக்காக இன்னொருவன் குழந்தையை அப்பா இல்லாமல் வளரவிட முடியாது. சோதனையைக் கேட்டுவிட வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் அந்தத் தாயிடம் முகம் பார்த்துச் சொல்லிவிட வேண்டும். சபையில் வைத்து, பரந்தாமன் பக்கத்தில் நின்றுகொண்டு, உன் பிள்ளை அதில் இல்லவே இல்லை என்று அவள் கேட்கக் கூடாது.

முகாமில் சின்னப்பொண்ணம்மாவைத் தேட வேண்டியிருக்கவில்லை. கயிறு கட்டிய சாம்பலுக்கு ஒருவரும் பக்கத்தில் போகாததால் அங்கே மட்டும்தான் காலியிடம் இருந்தது. அந்த அம்மா அங்கே சாக்கு விரித்து உட்கார்ந்து சாம்பார் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அறுபது அறுபத்தைந்து வயது இருக்கும். மகன் துறைமுகத்தில் கிரேன் சங்கிலி அறுந்து செத்தவன் என்று டிவியில் சொல்லியிருந்தார்கள்.

“யக்கா, நான்தான் கன்னியப்பன்.”

அந்த அம்மா நிமிர்ந்து பார்த்தார். “தெரியும். டிவில காட்னாங்க. டிவில இன்னும் கொஞ்சம் கருப்பா இருந்த.”

கன்னியப்பன் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். வரும் வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகள் எங்கேயோ போய்விட்டன. “தெரியாம நடந்துபோச்சுக்கா.”

“தெரிஞ்சா எவன் செய்வான்?”

“நாளைக்கு விசாரணைல நான் ஒண்ணு கேக்கப் போறேன். அதைக் கேட்டா ஒங்களுக்கு...”

“நாளைக்குப் பேசறதை நாளைக்குப் பேசு. சும்மாதானே குந்திகினு கீற. அந்த வெங்காயத்தை இப்படி எடு.”

“இல்லக்கா, நான் சொல்ல வந்தது...”

“கண்ணு எரிஞ்சா தொடைக்காத. கை காரம் ஏறிடும்.”

அந்தக் குரலுக்கு மேல் பேச முடியவில்லை. வெங்காயக் கூடை தீரும்வரை இருவரும் உரித்தார்கள். கன்னியப்பன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வெங்காயத்தைச் சாக்காக வைத்துக்கொண்டார். போகும்போது அந்த அம்மா, “நானும் வர்றேன் நாளைக்கு. வரச் சொல்லிக் கீறாங்க,” என்றார். எந்தப் பக்கம் நின்று பேசப்போகிறார் என்று அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை.

வாரியத்தின் கூடத்தில் மறுநாள் கால் வைக்க இடமில்லை. ஆள்மரம் வைத்திருந்த குடும்பங்கள் கையில் படத்தோடு வந்திருந்தன. கணவன் படம், பிள்ளை படம், ஒரு கிழவர் தன் அம்மா படத்தை மார்போடு அணைத்திருந்தார். கன்னியப்பன் அந்தப் படங்களைப் பார்க்காமல் இருக்க முயன்றார். கூடத்தின் ஓரத்தில் நஸ்ரீன் நின்றிருந்தார், சுவரைப் பார்த்தபடி.

விசாரணை அதிகாரி கண்ணாடியை இறக்கிக்கொண்டு வாசித்தார்: “உரியவர் சம்மதமின்றி ஆள்மரத்தை வெட்டியது, எரித்தது. இதுதான் உங்க ரெண்டு பேர் மேலயும் குற்றச்சாட்டு. நீங்க ஏதாவது கேக்கணுமா?”

டில்லி கன்னியப்பனைப் பார்த்தான். கன்னியப்பன் எழுந்து கைகூப்பினார். “ஐயா, சட்டத்துல எங்களுக்கு ஒரு...”

“இன்னாத்துக்கு அவனைக் கேக்கறீங்க?” பின்னாலிருந்து குரல் வந்தது. “உரியவ நானு. என்னைக் கேளுங்க.”

சின்னப்பொண்ணம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். அதிகாரி தலையசைத்தார்.

“சம்மதம் இல்லாம எடுத்தான்னு யார் சொன்னது? நான்தான் எடுத்துக்கச் சொன்னேன்.”

பரந்தாமன் எழுந்துவிட்டார். “என்னம்மா பேசறீங்க? பிணத்தை எரிச்சு...”

“எம்புள்ளைய பொணம்னு சொல்லாத. வாய அலம்பிகினு வந்து பேசு.” அந்த அம்மா அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. “முகாம்ல அத்தினி கொழந்தைங்க பசில கத்திகினு இருந்துச்சுங்க. அடுப்புக்கு வெறகில்ல. எம்புள்ள விழுந்து கெடக்கறான், எடுத்துக்கோன்னேன். அவன் செத்தப்போ நான் அவனுக்கு வாய்க்கரிசி போட்டேன். பெத்தவ பிள்ளைக்குப் போடக் கூடாது, போட்டேன். இப்போ அவன் எனக்கு ஒரு வேளைச் சோறு போட்டான். நானும் அந்தச் சோத்தைத் துன்னேன். இதுல சங்கத்துக்கு இன்னா வந்துச்சு?”

“அன்னைக்கு நீங்க முகாமுக்குள்ளதானே இருந்தீங்க?” என்று கேட்டார் அதிகாரி. “இவங்க தெருவுல இருந்தாங்க.”

“உள்ளேருந்துதான் கத்திச் சொன்னேன். எங்குரல் உங்களுக்கே கேக்குதில்ல?”

அதிகாரி அந்த அம்மாவைக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். அது பொய் என்று அவருக்குத் தெரிந்தது, கூடத்தில் பாதிப் பேருக்கும் தெரிந்தது. ஆனால் உரியவரே தகனம் செய்யச் சொன்னால் அது ஈமக்கடன், குற்றமல்ல. வாரியத்தின் வக்கீல் முகத்தில்தான் முதலில் நிம்மதி தெரிந்தது. கையில் படம் வைத்திருந்த ஒரு பெண் விம்மினாள். அந்தக் கிழவர் தன் அம்மாவின் படத்தைத் துண்டால் துடைத்துவிட்டு, சின்னப்பொண்ணம்மாவைப் பார்த்துக் கும்பிட்டார். அதிகாரி வழக்கை முடித்துக் கையெழுத்துப் போட்டார்.

கன்னியப்பன் கூப்பிய கையோடு நின்றுகொண்டே இருந்தார். இப்படிப்பட்ட ஒரு தாயிடமிருந்து அந்த மரத்தைப் பிடுங்க இருந்தோமே என்று நினைத்தபோது உடம்பு கூசியது. இனி யாரும் சோதிக்கப் போவதில்லை. படங்களோடு வந்தவர்கள் படங்களோடு வீட்டுக்குப் போவார்கள்.

வெளியே வந்ததும் டில்லி அந்த அம்மா காலில் விழப் போனான். “எழுந்திருடா. எங்காலு ஏற்கெனவே வலி, நீ வேற புடிச்சு இஸ்துகினு,” என்று விரட்டினார். அவன் மகளைப் பார்க்க ஓடினான். கன்னியப்பன் பெட்டிக்கடையில் இரண்டு டீ வாங்கி வந்தார். விழுந்து கிடந்த ஒரு வாகை மரத்தின் மேல் இருவரும் உட்கார்ந்தார்கள்.

“எனக்காகப் பொய் சொன்னீங்களேக்கா. புள்ளைய வெச்சு.”

சின்னப்பொண்ணம்மா டீயை ஊதினார். சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார்.

“புள்ளைய வெச்சு ஒண்ணும் பொய் சொல்லல. அது எம்புள்ள இல்ல.”

கன்னியப்பன் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

“பதினாலு வருஷமா எனக்குத் தெரியும். கடல் செவுரு கட்டினாங்களே, அந்த வருஷம்தான் தாமு போனான். செடி வெச்சாங்க. அந்தக் கோடைல குடிக்கவே தண்ணி இல்ல, செடிக்கு யார் ஊத்துவா? வேரோட காஞ்சுபோச்சு. ஒரு நாள் காலைல போறேன், தோட்ட வேலை பாக்கற புள்ளாண்டான் ஒருத்தன் காஞ்சதைப் புடுங்கிப் போட்டுட்டு, அதே ஒசரத்துல வேற செடி வெச்சு, தாமு வில்லைய அதுல கட்டிகினு கீறான். என்னைப் பாத்ததும் கையெடுத்துக் கும்புட்டான். வெளிய சொல்லாதம்மா, செத்த செடிக்கு எங்கள உள்ள தள்ளுவாங்க, எங்க ஆளுங்க தெருத்தெருவா இதைத்தான் செஞ்சுகினு கீறாங்கன்னான். அவனுக்கும் ஒரு அம்மா இருப்பால்ல. சரி போன்னேன்.”

“அப்புறமும் தெனம் தண்ணி ஊத்தினீங்களா?”

“ஊத்தினேன். அந்தச் செடி இன்னா பாவம் பண்ணுச்சு? அதுங்கிட்டயேதான் பேசினேன். தாமுவைப் பத்தி அதுங்கிட்ட சொல்வேன், அவன் எப்படி இருந்தான்னு. அவன்கிட்டயே சொல்றதா நெனச்சதில்ல.” அந்த அம்மா டீயைக் குடித்து முடித்தார். “நேத்து நீ வந்து மென்னு முழுங்கினியே, இதைத்தான் சொல்ல வந்தன்னு தெரிஞ்சுபோச்சு. எப்படியோ ஒனக்குத் தெரிஞ்சு கீது. நீ சபைல கேட்டிருந்தா ஊரே ஒடைஞ்சு போயிருக்கும். எத்தினி பேர் படத்தைத் தூக்கிகினு வந்திருந்தாங்க, பாத்தியா?”

கன்னியப்பன் தலையை மட்டும் ஆட்டினார். டாக்டரம்மாவுக்குப் புரியாத கணக்கு இப்போது அவருக்குப் புரிந்துவிட்டது. மரம் யாரையும் வெளியே தள்ளவில்லை. ஒரு வறண்ட கோடையும், பயந்துபோன சில கூலிக்காரர்களும்தான்.

டம்ளரை வாங்கிக் கீழே வைத்த சின்னப்பொண்ணம்மா, சாதாரணமாகப் பேச்சு வளர்ப்பதுபோல் கேட்டார். “ஒங்க வூட்ல யாருக்காச்சும் மரம் கீதா தம்பி?”

“சம்சாரம். காசிமேட்டுல.”

“எப்போ வெச்ச?”

அவர் வாகைப் பட்டையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார். “கடல் செவுரு கட்டின வருஷம்தான்க்கா.”

அந்த அம்மா தெருவைப் பார்த்தார். எதிரே மரம் அறுக்கும் இன்னொரு கூட்டம் ஒரு பூவரசை இழுத்துப் போட்டு, அரைக்கும் மிஷினுக்குள் தழையைத் தள்ளிக்கொண்டிருந்தது. மிஷின் சத்தம் ஓய்ந்தது.

“காசிமேட்டுப் பக்கமா?” என்றார் பிறகு. “அங்க அந்த வருஷம் மழை பேஞ்சுதே. எங்க பக்கம்தான் காஞ்சுது. ஒங்க பக்கம் செடி ஒண்ணும் சாவல.”

காசிமேட்டுக்கும் கால்வாய்த் தெருவுக்கும் நடுவில் இருப்பது ஒரே ஒரு ரயில் பாதைதான். அந்த வருஷம் கன்னியப்பன் தண்ணீர் லாரிக்குப் பின்னால் குடத்தோடு ஓடியிருக்கிறார். லோகாவைக் கடைசியாகக் குளிப்பாட்டுவதற்கு அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒரு சொம்பு கடன் கேட்டு வாங்கியிருக்கிறார்.

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் பதிலுக்காகக் காத்திருந்தார்.

“ஆமாக்கா,” என்றார் கன்னியப்பன். “எங்க பக்கம் நல்ல மழை.”